ஐடிஐ சான்றிதழும் ஆலை வாசலும்

என் தம்பி அரசு ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். அவன் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து அம்பேத்கர் படத்துக்குக் கீழே மாட்டிவைத்தார். அப்பா வரைக்கும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஊர் சொன்ன வேலையைச் செய்தவர்கள். சாவுச் சேதி சொல்வது, செத்த மாட்டைத் தூக்குவது, அறுப்புக்குப் போவது. எங்கள் வீட்டில் மைக்ரோமீட்டர் பிடித்த முதல் கை தம்பியுடையது.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. இதுவரை நான்கு ஆலைகள். ஒன்றில் அப்ரண்டிஸ், இரண்டில் டிரெய்னி, இப்போது காண்ட்ராக்ட். ஒவ்வொரு முறையும் காலம் முடிந்ததும், "ஆள் குறைக்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே மெஷினில் புதிதாக ஒரு டிரெய்னி நிற்பான். ஓரிடத்தில் நேர்காணல் செய்தவர், "வீடு ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேட்டாராம். "ஃபிட்டர் வேலைக்கு இது எதுக்குண்ணா?" என்று தம்பி அங்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான்.

தொழிற்பயிற்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குலக்கல்வி. 1953இல் ராஜாஜி அரசு, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. பெரியாரின் இயக்கம் தெருவில் இறங்கியது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் ஒழிந்தது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. சலவை, முடிதிருத்தம், செருப்புத் தைப்பது உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் குடும்பத் தொழில் மரபை வளர்ப்பதே நோக்கம் என்றது. 18 வயதுப் பிள்ளையைக் கல்லூரிக்குப் போகவிடாமல் கடன் கொடுத்து அப்பன் தொழிலில் உட்காரவைப்பதா என்று கேட்டோம். தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் அதை அப்படியே ஏற்க மறுத்தது. இரண்டு முறையும் நாம் சரியாகவே நின்றோம்.

ஆனால் குலத்தொழிலை விட்டு வெளியேறியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று நாம் பின்தொடர்ந்து பார்த்தோமா?

1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வந்தவைதான் ஐடிஐக்கள். பறையடித்தவர் மகன் டர்னர் ஆகலாம், சலவை செய்தவர் மகள் எலக்ட்ரீஷியன் ஆகலாம். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. 1942இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த கோரிக்கை மனுவில் அம்பேத்கர் பட்டியல் சமூக மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை மட்டும் கேட்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் அப்ரண்டிஸ் இடங்களையும் கேட்டார். பட்டறை வாசல் திறக்காமல் படிப்பு மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாசலில் இப்போது என்ன நடக்கிறது? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அப்ரண்டிஸைத் தொழிலாளி என்று ஏற்பதில்லை. அவர் வெறும் பயிற்சியாளர். வேலை நேரம், பாதுகாப்பு போன்ற சிலவற்றைத் தவிர தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. 2016 முதல் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே ஏற்கிறது. நிரந்தரத் தொழிலாளி நிற்க வேண்டிய இடத்தில் அரைச் சம்பளத்துக்கு ஒரு பையன் நிற்பான். அதற்கு அரசு பணமும் தரும்.

இளைஞர்களுக்குத் திறன் போதவில்லை என்று தொழிலதிபர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். ஒரு வருடம் முழு ஷிஃப்ட் மெஷின் ஓட்டுகிறவரை திறன் இருந்தது, நிரந்தரம் செய்கிற நாளில் மட்டும் அது எங்கே போனது?

அதே சட்டத்தில் நாம் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. 3ஏ. 1973 திருத்தத்தில் சேர்த்தது. நிர்ணயிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலிலும் அப்ரண்டிஸ் இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதலாளி ஒதுக்க வேண்டும். மாநிலத்தில் அவர்களது மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு அந்த எண்ணிக்கை முடிவாகும். 2007 திருத்தம் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தது. இது தனியார் ஆலைக்கும் பொருந்தும். முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று முழங்குகிறோமே, ஆலை வாசலில் அதன் ஒரு துண்டு ஐம்பது ஆண்டுகளாகச் சட்டமாகக் கிடக்கிறது.

இதில் என் குற்றமும் உண்டு. பல்கலைக்கழக ரோஸ்டர் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சிப் படிப்பில் காலியாக விடப்படும் இடங்களுக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தம்பி அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது, அங்கே எத்தனை இடம், அதில் நமக்கு எத்தனை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. படிப்பு ஏறாதவர்கள் போகும் இடம் ஐடிஐ என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. கைவேலையைக் கீழாகப் பார்க்கும் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு ஆலையும் எத்தனை அப்ரண்டிஸ்களை எடுத்தது, 3ஏ பிரிவின்படி எத்தனை இடம் ஒதுக்கியது, எத்தனை நிரம்பியது என்று அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது 2014 திருத்தம். அந்தக் கொள்கைகள் ஆலை வாசலில் ஒட்டப்பட வேண்டும். ஒருமுறை பயிற்சி முடித்தவரை வேறு பெயரில் மீண்டும் டிரெய்னியாக வைப்பது நிற்க வேண்டும்.

இவற்றை அரசு தானாகச் செய்யும் என்று நான் நம்பவில்லை. மாநிலத்துக்கு ஒரு தொழிற்பழகுநர் ஆலோசகர் இருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து ஆலைகளின் 3ஏ கணக்கைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் ஆகும். நான் இந்த வாரம் போடுகிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு அந்தக் கணக்கிலிருந்துதான் பதில் தொடங்க வேண்டும்.