பொன்னியின் செல்வனும் பொறுமையின் மீதான பழியும்

ஐந்து பாகங்கள் கொண்ட "பொன்னியின் செல்வ"னைத் தொடங்கி, முதற் பாகத்தின் நடுவிலேயே மூடி வைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். இளம்பிள்ளையில் தறியோசைக்கு நடுவே வாழும் நாமும் மும்முறை தொடங்கி மும்முறையும் நிறுத்தி, நான்காம் முறையே இறுதி வரை சென்றோம். இதனைச் சாதனையென்று பறைசாற்ற வரவில்லை; முடிக்க இயலாதோர் மீது சுமத்தப்படும் ஒரு பழியைத் துடைக்கவே எழுதுகிறோம்.

"இக்காலத்தவருக்குப் பொறுமை இல்லை" என்பதே அப்பழி. பாவு பிணைக்க அமர்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த பின்னரே எழும் மக்கள் வாழும் ஊர் இது. இவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துவது வேடிக்கையன்றோ!

குறை வாசகரிடம் இல்லை. நூலைக் கையில் கொடுக்கும் முறையில் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், "கல்கி" வார இதழில் தொடராக வந்த கதை இது. அத்தியாயங்கள் 293. அன்றைய வாசகர் எவரும் இதனை ஒரு வாரத்தில் முடித்திருக்க இயலாது. பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார் என்று மயங்கினால் ஓவியர் மணியத்தின் சித்திரம் உதவிற்று. அடுத்த இதழ் வரும் வரை திண்ணையில் பேசித் தெளிய ஒரு வாரம் இருந்தது. நம் முன்னோர் சீறாப்புராணத்தின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை ஒரே மூச்சிலா கேட்டனர்? இரவுக்குச் சிறிதாக விரிவுரை கேட்டே உள்ளத்தில் இருத்தினர்.

இன்றோ, படமும் இன்றி, பொடி எழுத்தில், ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாகத் தைத்து விற்கும் பதிப்புகளும் உண்டு. போதாக்குறைக்கு, "நான்கே நாளில் முடித்தேன்" என்று மார்தட்டுவோர் வேறு. "படத்தைப் பார்த்தாயிற்று, இனி நூல் எதற்கு?" என்போரும் உளர். 2022-லும் 2023-லும் இரு பகுதிகளாக வந்த அப்படம் நிகழ்ச்சிகளைக் காட்டலாம். ஆழ்வார்க்கடியானின் வாதங்களையும், குடந்தை சோதிடர் வீட்டின் சாவகாசத்தையும் முழுதாய்க் காட்ட அதற்கு நேரம் ஏது? நாவலின் சுவையே அந்தச் சாவகாசத்தில்தான் உள்ளது.

நாம் செய்தது மிக எளிது. கதை ஆடிப் பதினெட்டில் தொடங்குகிறது. நம் சேலத்து மக்கள் மேட்டூர்க் காவிரிக்குத் திரளும் அதே நாளில் நாமும் தொடங்கினோம். நாளொன்றுக்கு இரண்டே அத்தியாயங்கள். பெயர்களைக் குறித்துக்கொள்ள ஒரு தாள். மார்கழியில் நூல் முடிந்தது.

இதனை அற்பச் செய்தி என்று தள்ளிவிடலாகாது. "உன்னால் ஒரு நாவலைக்கூடப் படிக்க முடியவில்லையா?" என்று ஏளனத்துக்குள்ளான இளைஞன் அடுத்த நூலைத் தொடவே அஞ்சுகிறான். பக்கத்துத் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில், இராஜாஜியின் "விமோசனம்" இதழ் வழியே மதுவின் கேட்டை எளிய மக்களுக்கு எடுத்துரைத்துப் பழகியவர் கல்கி. அவருடைய கதையைக் கற்றோரின் பந்தயப் பொருளாக்குவது அவருக்கே இழைக்கும் அநீதி.

பதிப்பாளர்களே, பாகங்களைத் தனித்தனியாகத் தாருங்கள். முகப்பில் ஒரு பெயர்ப் பட்டியலையும் சேருங்கள். விரைந்து முடித்தோரே, உங்கள் கணக்கை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்திய அன்பர்களே, வெட்கம் வேண்டாம். வாரந்தோறும் படிக்க எழுதியதை வாரக்கணக்கில் படிப்பதே முறை.