‘இங்கே இல்லை’ என்பது பதிலா?



நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு ஊர்களுக்கும் பின்கோடை வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரி 605001, காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. ஆட்சி ஒன்று, சட்டசபை ஒன்று. ஆனால் தபால்துறைக்கு அந்தக் கதை எதற்கு? மாஹேக்கும் கோழிக்கோட்டுக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றே. ஏனாமுக்கும் காக்கிநாடாவுக்கும் அப்படித்தான். நம்முடைய 605 விழுப்புரத்துக்கும் உண்டு.

1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்ததே இதற்காகத்தான். தெருப்பெயரைப் படிக்காமலே, ஆறு எண்ணைப் பார்த்ததும் கடிதம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும்.

உங்கள் செல்போனும் நாள் முழுக்க இதே கேள்வியோடுதான் அலைகிறது. பெரிய நிறுவனங்களின் டேட்டாபேஸ் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. பல சர்வர்களில் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். நீங்கள் கேட்கும் விவரம் அதில் எந்த சர்வரில் இருக்கிறது? ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தால், பெட்ரோல் பங்க்கில் நீங்கள் போனில் பணம் கட்டும்போது பின்னால் நிற்பவர் சும்மா இருப்பாரா?

இதற்கு ஒவ்வொரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கும் ஒரு வழி உண்டு. மாங்கோடிபி-யில் வழிகாட்டுவதற்கென்றே நடுவில் ஒரு புரோகிராம் உண்டு. கசாண்ட்ராவில் எந்த சர்வரிடம் கேட்டாலும், அதுவே உரிய இடத்திலிருந்து வாங்கித் தந்துவிடும். எனக்குப் பிடித்தது ரெடிஸ் செய்யும் விதம். அங்கே மொத்தம் 16,384 அறைகள். நீங்கள் தேடும் பெயரை ஒரு கணக்கில் போட்டால் அறை எண் வந்துவிடும். எந்த அறை எந்த சர்வரில் என்ற பட்டியல் கேட்பவர் கையிலேயே இருக்கும். நேரே போக வேண்டியதுதான்.

சரி, அந்தப் பட்டியல் பழசாகிவிட்டால்? புது சர்வர் சேர்த்திருப்பார்கள், அறைகளை மாற்றி வைத்திருப்பார்கள். தவறான இடத்தில் போய்க் கேட்டால் அந்த சர்வர் ‘இல்லை’ என்று கைவிரிப்பதில்லை. ‘மூவ்ட்’ என்று சொல்லி, அறை எண்ணையும் அது இப்போது இருக்கும் சர்வரின் முகவரியையும் சேர்த்தே தருகிறது. கேட்டவர் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டு அங்கே போகிறார். அவ்வளவுதான்.

இப்போது நம்ம ஊர் அரசு அலுவலகக் கவுண்டர்களுக்கு வருவோம்.

பிறப்பைப் பதிவு செய்வது குழந்தை பிறந்த இடத்தில்தான். பெற்றோர் குடியிருக்கும் இடத்தில் அல்ல. 1969-ஆம் வருடச் சட்டம் அப்படி. முத்தியால்பேட்டையில் வீடு, ஜிப்மர் மருத்துவமனையில் பிரசவம் என்றால், போக வேண்டியது புதுச்சேரி நகராட்சிக்கு அல்ல, உழவர்கரை நகராட்சிக்கு. கடலூரிலிருந்து வந்து ஜிப்மரில் பிள்ளை பெற்ற குடும்பத்துக்கும் அதே உழவர்கரைதான். தெரியாதவர்கள் பள்ளி அட்மிஷன் நேரத்தில் பிள்ளையோடு அலைகிறார்கள். கவுண்டரில் ‘இங்கே இல்லைம்மா’ என்பதோடு, எங்கே என்றும் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைய கூலி மிஞ்சாதா?

தாத்தா, பாட்டி காலத்துப் பதிவு என்றால் சுற்று இன்னும் பெரிது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்தவர்களின் பதிவுகளுக்கு, பிரான்ஸின் நான்த் நகரில் 1965-இல் ஒரு தனி அலுவலகமே அமைத்தார்கள். நூறு வருடம் தாண்டிய ரெஜிஸ்டர்கள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆக, ஒரே குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா ஒரு நகரத்தில், பாட்டி இன்னொரு நகரத்தில், பேரன் உழவர்கரையில்!

நம் பாட்டனார் பிறந்த கதை பிரான்ஸுக்கு எப்படிப் போனது என்கிறீர்களா? காலனிகளின் ரெஜிஸ்டர்களுக்கு நகல் எடுத்து பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776 ஜூனில் பிரெஞ்சு மன்னர் ஆணையிட்டார். இரண்டே வருடத்தில், 1778-இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அந்த மன்னரின் மற்ற யோசனைகள் எப்படியோ, ஊர் கைமாறும் காலத்தில் நகல் வேண்டும் என்ற இந்த யோசனை நியாயமானதுதான்.

சர்வரோ முனிசிபாலிட்டியோ, சரியான விவரத்தோடு போனால்தான் வேலை நடக்கும். வெறும் ‘கோவிந்தசாமி மகன்’ என்று கேட்டால் எல்லா ரெஜிஸ்டரையும் புரட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் பிறப்பு எங்கே பதிவானது, பதிவு எண் என்ன, எந்த வருடம் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். போட்டோ எடுத்துப் பிள்ளைகளின் போனிலும் போட்டுவையுங்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்காரும் வாசகர்களும் நமக்கு நிறைய உண்டு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ‘இல்லை’ என்று சொல்லும்போது போக வேண்டிய இடத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகத்தின் இணையதளத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பழைய ரெஜிஸ்டர்களைக் காசில்லாமல் பார்க்கலாம். எல்லாம் பிரெஞ்சுக் கையெழுத்து. படித்துச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்