தாதியர் கல்வியும் நாடகமும்

சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1871-ல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. 1946-ல் டில்லியிலும் வேலூரிலும் அது பட்டப் படிப்பாக உயர்ந்தது. நாடி பார்க்கவும், புண் கட்டவும், ஊசி போடவும் நம் மாணவியர் செவ்வனே கற்கின்றனர். ஆனால், குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் எவ்வாறு பேசுவது? எழுத்தறியாத கிழவருக்கு அறுவைச் சிகிச்சையை எவ்வாறு விளக்குவது? இவற்றைப் புத்தகம் மட்டும் கற்பித்துவிடாது.

இதற்கு நாடகம் தக்க சாதனம் என்பது நமது அபிப்பிராயம். வசனத்தை நெட்டுருச் செய்து மேடையேறும் நாடகத்தை நாம் கூறவில்லை. வகுப்பிலேயே ஒருத்தி நோயாளியாகவும் மற்றொருத்தி தாதியாகவும் நடித்து, பின்னர் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளல் வேண்டும். கட்டிலில் கிடந்து கடுஞ்சொல் கேட்டவள் அச்சொல்லைப் பிறரிடம் எளிதில் சொல்லத் துணியாள். அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் என்னும் வைத்தியர் 1963-லேயே, நோயாளியாக நடிப்பவரைக் கொண்டு வைத்திய மாணவருக்குப் பாடம் நடத்தினார்.

நாடகம் வெறும் வேடிக்கை என்போருக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். அந்நிய அரசாங்கம் 1876-ல் நாடகத்தை அடக்கச் சட்டம் செய்தது ஏன்? அது ஜனங்களின் உள்ளத்தை மாற்றவல்லது என்று அஞ்சியதனாலன்றோ!

தாதியர் தொகையைப் பெருக்காமல், ஒருத்தியின் தலையில் அளவுக்கு மீறிய நோயாளிகளைச் சுமத்திவிட்டு, இன்சொல்லை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதையும் அரசாங்கம் கவனித்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழை மரியாதையுடன் நடத்தப்படுவது தருமமன்று; சுதந்திர நாட்டில் அது அவனது உரிமை. தாதியர் கல்லூரிகள் வாரத்திற்கு ஒரு மணி நேரமேனும் இப்பயிற்சிக்கு ஒதுக்குமாக.