மோதலுக்கு லேபிள் ஒட்டினால் கதை புரிந்துவிடுமா?

அமெரிக்கச் சிறுகதைகளுக்கு எழுதப்பட்ட நோட்ஸ் ஏதாவது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். மோதல் நான்கு வகைப்படும்: மனிதனும் மனிதனும், மனிதனும் இயற்கையும், மனிதனும் சமூகமும், மனிதனும் அவன் மனமும். அடுத்த பக்கத்தில் பாத்திரங்கள் இரண்டு வகைப்படும்: தட்டைப் பாத்திரம், உருண்டைப் பாத்திரம். எவர்சில்வர் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும் :-)

இந்தத் தட்டை, உருண்டை கணக்கு இ.எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1927-ல் வெளியிட்ட புத்தகத்தில் வந்தது. அவர் பேசியது நாவலைப் பற்றி. பத்துப் பக்கச் சிறுகதைக்கும் அதே சட்டையை மாட்டிவிட்டார்கள் பின்னால் வந்தவர்கள். அது கூடப் போகட்டும். நிஜமான கேடு அந்த நான்கு வகை மோதல்தான். கதைக்குச் சாவி என்று சொல்லி மாணவன் கையில் கொடுக்கிறார்கள். அவன் அதை வைத்துக் கதையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

சும்மா சொல்லவில்லை. கதைகளையே பார்க்கலாம்.

ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' 1948 ஜூனில் 'தி நியூயார்க்கர்' பத்திரிகையில் வந்தது. சுமார் முந்நூறு பேர் வாழும் ஒரு கிராமம். ஆண்டுக்கு ஒருமுறை சீட்டு எடுக்கிறார்கள். சீட்டு விழுந்தவரை ஊரே சேர்ந்து கல்லால் அடித்துக் கொல்கிறது. அந்த வருடம் மாட்டிக்கொள்பவள் டெஸ்ஸி ஹட்சின்சன். நோட்ஸ் என்ன சொல்லும்? "தனிமனிதன் எதிர் சமூகம்." ஐந்து மதிப்பெண் கேள்வி முடிந்தது.

ஆனால் டெஸ்ஸி யார்? பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாள் மறந்துபோய், தாமதமாக ஓடி வந்து, சிரித்தபடி கூட்டத்தில் சேர்ந்துகொண்டவள். சீட்டு எடுக்கக் கணவனைத் தானே விரட்டியவள். சீட்டு தன் வீட்டுக்கு விழுந்த பிறகுதான் அவளுக்கு நியாயம் ஞாபகம் வருகிறது. அப்போதும் அவள் கேட்பது என்ன? கல்யாணமாகிப் போன மகளையும் மருமகனையும் கூடச் சேர்த்துச் சீட்டு எடுக்கச் சொல்கிறாள்! வீட்டில் அப்போது இருப்பது ஐந்து பேர். அந்த இருவரும் சேர்ந்தால் ஆபத்து ஐந்தில் ஒன்று என்பது ஏழில் ஒன்றாகக் குறையும். ஒரு தாய் போடும் கணக்கு அது. இவளா சமூகத்தை எதிர்க்கும் தனிமனிதன்? கல் தன் மேல் விழும்வரை அவள்தான் சமூகம். கடைசியில் அவளுடைய சின்ன மகன் டேவி கையிலும் யாரோ சில கூழாங்கற்களைத் திணிக்கிறார்கள். அந்தக் குழந்தையை நான்கு வகையில் எதில் போடுவது?

லேபிளின் வேலையே இதுதான். "சமூகம்" என்று ஒரு வில்லனை எங்கோ தூரத்தில் நிறுத்திவிடும். வாசகன் டெஸ்ஸி பக்கம் நின்று, தான் கல்லெடுத்த கூட்டத்தில் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். ஜாக்சன் பறிக்க நினைத்தது அந்தத் தூக்கத்தைத்தான்.

அடுத்து ஜான் அப்டைக்கின் 'ஏ அண்ட் பி', 1961. சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கும் 19 வயதுப் பையன் சாம்மி. நீச்சலுடையில் வந்த மூன்று பெண்களை மேனேஜர் லெங்கல் கண்டிக்க, சாம்மி வேலையை உதறிவிட்டு வெளியேறுகிறான். பெண்கள் அதற்குள் போய்விட்டார்கள். "இளைஞன் எதிர் அதிகாரம்" என்று எழுதிவிடலாம். ஆனால் பக்கத்துக் கல்லாவில் ஸ்டோக்ஸி என்று ஒருவன் நிற்கிறான். வயது 22, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அவனும் அந்தப் பெண்களைப் பார்க்கிறான், ஜொள்ளு விடுகிறான். வேலையை மட்டும் விடவில்லை. விட முடியாது. சாம்மியின் வீரம் எவ்வளவு விலை உள்ளது என்று காட்டும் தராசு ஸ்டோக்ஸிதான். நோட்ஸில் அவன் "தட்டைப் பாத்திரம்", ஒரே வரி!

ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' (1973) இன்னும் தெளிவு. அம்மாவும் ஊர்ச் சர்ச்சும் பணம் திரட்டிப் படிக்க அனுப்பிய மூத்த மகள் டீ, வாங்கெரோ என்று பெயரை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். பாட்டி கைப்பட்ட ஒட்டுத்துணிப் போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். அவை தீக்காயத் தழும்புகளோடு வாழும் தங்கை மேகிக்குக் கல்யாணச் சீராகப் பேசி வைத்தவை. "பழமை எதிர் நவீனம்" என்கிறது நோட்ஸ். அப்படியா? பழமையைக் கொண்டாடுவதே டீதான். கல்லூரிக்குப் போனபோது பழைய ஸ்டைல் என்று வேண்டாமென்ற போர்வை, மவுசு வந்ததும் அவளுக்குப் பாரம்பரியம் ஆகிவிட்டது. போர்வையின் மதிப்பு குளிருக்குப் போர்த்துவதிலா, பார்வைக்கு மாட்டுவதிலா? பொருளாதாரத்தில் முதல் வருடமே சொல்லித்தரும் பயன்பாட்டு மதிப்பு, பரிமாற்ற மதிப்பு என்ற வேறுபாடு ஒரு குடிசையில் ரத்தமும் சதையுமாக நிற்கிறது. அம்மா போர்வையைப் பறித்து மேகியின் மடியில் போடும்போது எந்தக் கணக்கை மூடுகிறாள் என்பதுதான் கதை.

ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிபன்ட்ஸ்' (1927) கதையில் கருக்கலைப்பு என்ற சொல்லே கிடையாது. ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையம், 40 நிமிடக் காத்திருப்பு, ஓர் அமெரிக்கன், ஒரு பெண். "மனிதனும் மனிதனும்" வகை என்று தட்டிவிடலாம். ஆனால் பீர் வந்த பெண் என்ன சொன்னாள் என்பதைக் கூட அவள் அவனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஊர் பாஷை அவனுக்குத்தான் தெரியும். சம பலமில்லாத இரண்டு பேரைச் சமமாக நிறுத்தி நடுவில் "எதிர்" என்று போடுவதே பொய்.

"ஆரம்ப நிலை மாணவனுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் லெட்ஜரில் கணக்கின் தலைப்பை மட்டும் எழுதி, தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டால் எந்த வாத்தியாராவது மதிப்பெண் போடுவாரா? "சமூகம்", "அதிகாரம்", "நவீனம்" எல்லாம் வெறும் தலைப்புகள். தொகை வேறு: இதில் யார் எதை இழக்கிறார்? அந்த இழப்பு யார் பெயரில் வரவு ஆகிறது? விட்டுவிட்டுப் போக யாருக்கு வசதி இருக்கிறது, யாருக்கு இல்லை?

இந்த மூன்று கேள்விக்கும் நோட்ஸ் தேவையில்லை, கதையைப் படித்தால் போதும். ஒருவேளை அதனால்தான் நோட்ஸில் இந்தக் கேள்விகள் இல்லையோ என்னவோ!