இரண்டு செம்மஞ்சள்கள்

பொங்கல் வருமுன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் மரபு. ஊரை விட்டுப் பெங்களூர் ஈஜிபுராவுக்கு வந்த பின்னும் அதை நாம் மறக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பும் காவியும் இருந்த இடத்தில் இன்று வண்ண அட்டை வந்துவிட்டது. அதில் இரண்டு செம்மஞ்சள்கள் அடுத்தடுத்து நின்று நம்மை மயக்குகின்றன. ஒன்று பப்பாளிப் பழத்தை நினைவூட்டுவது. மற்றொன்று பரங்கிப் பழத்தை. எதைத் தேர்வது?

கடையிலேயே முடிவு செய்தல் ஆகாது. கடையின் விளக்கொளி வேறு. நெருங்கி நிற்கும் மாடி வீடுகளின் இடையே புகுந்து நம் அறைக்கு வரும் பகலொளி வேறு. ஓரொளியில் ஒன்றேபோல் தோன்றிய இரு நிறங்கள் மற்றோரொளியில் வேறுபட்டு நிற்பதுண்டு. பக்கத்து நிறமும் கண்ணை ஏமாற்றும். பாரிசு நகரின் கோபலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவை நடத்திய செவ்ருல் என்னும் வேதியியல் அறிஞர், 1839-இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கினார். பழைய பச்சைச் சுவரின் நடுவே சிறிது தீட்டிப் பார்த்தால், செம்மஞ்சள் உள்ளதைவிடச் சிவந்து தோன்றும்.

ஆகவே, இரண்டடி அகல வெள்ளை அட்டைகளில் இருமுறை பூசி, நன்கு உலர்ந்தபின் காலையிலும் மாலை விளக்கிலும் சுவரருகே நிறுத்திப் பாருங்கள். நான்கு சுவர்களும் ஒன்றன் நிறத்தை ஒன்று எதிரொளிப்பதால், அறை முழுதும் பூசிய நிறம் அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகத் தோன்றும். ஐயம் எழுந்தால் வெளிறியதையே கொள்வது நன்று.

கண்ணுக்குப் புலனாகாத வேற்றுமை ஒன்றும் உண்டு, அதுவே பெரிது. மஞ்சள், செம்மஞ்சள் பெயிண்டுகளுக்குப் பொலிவூட்ட நெடுங்காலம் காரீயக் குரோமேட்டைக் கலந்தனர். கதவு சன்னல்களுக்குப் பூசும் எனாமலில் அது மிகுதி. காரீயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கை மீறலாகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவின்மீது அவ்வுறுதி அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய எனாமலை உலர்ந்தபடியே சுரண்ட விடாதீர்கள். குழந்தைகளை அப்புறப்படுத்தி, நீர் நனைத்துத் தேய்க்கச் செய்து, ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

நம்மில் பலர் வாடகை வீட்டினர். நிறத்தைத் தேர்பவர் வீட்டுக்காரராகவே இருக்கலாம். எனினும் டப்பாவை ஒருமுறை காட்டும்படி கேட்பதில் தயக்கம் வேண்டா. அச்சுவரருகே தவழப்போவது நம் குழந்தை அன்றோ!