மருந்தின் நான்காம் கூறு

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனை உழைச்செல்வான் என்பர். முதல் மூன்றையும் பற்றி நாம் பேசாத நாளில்லை. எந்த வைத்தியர் கைராசிக்காரர், எந்த ஆஸ்பத்திரி சிறந்தது, எந்த மருந்து உயர்ந்தது என்றெல்லாம் வினாவி அறிகின்றோம். நான்காவது கூறு நாமேயென்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம். குடும்பத் தலைவர் இருதய நோயால் வைத்தியசாலையிற் படுக்கும் நாளில் இம்மறதி பெருந்துன்பம் விளைக்கும். ஆதலின் இவ்வாரம் அதுபற்றிச் சில கூறக் கருதினோம்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வீட்டார் இசைந்தமையால் எழுதுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டுவதில்லை. தந்தையார்க்கு வயது 53. பகலெல்லாம் தோட்டத்தில் நின்றவர், இரவு மூன்று மணியளவில், நெஞ்சின் நடுவே அம்மிக்கல்லை ஏற்றிவைத்தாற் போன்ற பாரம் அழுத்தக் கண்விழித்தார். நோவு இடத்தோளுக்கும் தாடைக்கும் பரவிற்று.

"வாயுக்குத்துத்தான். உள்ளியும் இஞ்சியும் அவிச்சுத் தாரும். பிள்ளையளை எழுப்ப வேண்டாம்" என்றார் மனைவியிடம். கணவர் சொல்லுக்கு மேற் சொல்லி அறியாத அவ்வம்மையார் அடுப்பை மூட்டினார். ஓசை கேட்டு எழுந்து வந்த மகள், தந்தையின் சட்டை வியர்வையில் நனைந்திருப்பதைக் கண்டாள். உடனே 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். தந்தையார் சினந்தார். "விடியட்டும், பாப்பம்" என்றார். அவளோ, "கோபமெண்டால் நாளைக்கு ஏசுங்கோ அப்பா. இப்ப எழும்ப வேண்டாம், அப்பிடியே சாஞ்சு இருங்கோ" என்றாள்.

மாணவச் செல்வங்களே, பெற்றோர் சொற்கேட்டல் நம் மரபு. அம்மரபைக் கல்லூரியிலே கற்பிப்பவர்களுள் நாமும் ஒருவர். ஆயினும் நெஞ்சு நோவு கண்ட இரவிலே தந்தை சொல்லும் "ஒன்றுமில்லை" என்னும் சொல்லுக்கு மட்டும் கீழ்ப்படிதல் தகாது. அச்சொல் பெரும்பாலும் அறிவினின்று பிறப்பதன்று. வீட்டாரைக் கலங்கச் செய்யக்கூடாது என்னும் அன்பினின்றும், வீண் செலவு வந்துவிடுமோ என்னும் அச்சத்தினின்றும் பிறப்பது.

இவ்வாறு எண்ணுவோர் நாட்டுப்புறத்தார் மட்டுமல்லர். 1955 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, முதலில் வெளிவந்த செய்தி அவருக்கு அஜீரணம் என்பதே. வல்லரசொன்றின் தலைவர்க்கே வயிற்றுக் கோளாறென்று மயக்கங்காட்டிய நோய், நம் வீட்டுக் கூடத்தில் வாயுக்குத்து என்று பெயர் சூடி வருவதில் வியப்பென்ன? நீரிழிவுள்ளோர்க்கு நோவே இன்றி மூச்சு முட்டலும் வியர்வையும் சோர்வுமாக மட்டும் இது வருதலும் உண்டு.

உள்ளே நிகழ்வது யாதெனில், இருதயத் தசைக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகளுள் ஒன்று குருதிக்கட்டியால் அடைபடுகின்றது. அவ்வாய்க்காலை நம்பியிருந்த தசை, நீரற்ற பயிர்போல, நிமிடந்தோறும் மடியத் தொடங்குகின்றது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே காலமே இங்கு முதல் மருந்து. 1988 இல் வெளியான ஐசிஸ்-2 என்னும் ஆய்வு 17,187 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டது. விலை குறைந்த அஸ்பிரின் குளிகையும், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்தும் சேரக் கொடுத்தபோது, முதல் ஐந்து வாரங்களில் நேரும் இறப்புக்கள் 42 வீதத்தாற் குறைந்தன என்று அது காட்டிற்று. நோவு தொடங்கி எத்துணை விரைவில் மருந்து சென்றதோ அத்துணைப் பயன் மிகுந்தது. அடைத்த நாடியைச் சிறு பலூன் கொண்டு விரிக்கும் முறையை அந்திரேயாஸ் குருன்சிக் என்பவர் 1977 இல் சூரிச் நகரில் முதன்முதற் செய்துகாட்டினார். இன்று அவ்வாறு விரித்த இடத்தில் ஸ்டென்ற் என்னும் நுண்ணிய வலைக்குழாயையும் வைத்துவிடுகின்றனர். இத்துணை வசதியும் இருந்தென்ன? நோயாளர் வீட்டில் உள்ளி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தால் இவற்றுள் ஒன்றும் அவருக்கு உதவாது.

மேற்சொன்ன 1990 என்பது 'சுவ செரிய' இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய அச்சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. நெஞ்சு நோவு கண்டவரை மோட்டார்ச் சைக்கிளில் இருத்தியோ, வீதிவரை நடத்தியோ கொண்டுசெல்லுதல் ஆகாது. சாய்ந்திருக்கச் செய்து அம்புலன்சை அழைத்தலே முறை. அஸ்பிரின் கொடுப்பதாயின், மறுமுனையில் உள்ளவரிடமோ வைத்தியரிடமோ கேட்டே கொடுத்தல் வேண்டும்.

இனி, விடுதியில் அனுமதித்த பின் குடும்பத்தார் செய்யத்தக்கன எவையென நோக்குவோம். நம்மவரின் முதல் வழக்கம் கூட்டங் கூடுதல். பெரியப்பா வருவார், மாமி வருவார், ஊரவர் வான் பிடித்து வருவர். அன்பினாற் செய்வதே, ஆயின் இருதய நோயாளர்க்கு வேண்டுவது அமைதி. ஒருவர் பின் ஒருவராகக் கட்டிலருகே நின்று, இன்னாரும் இப்படித்தான் படுத்தார், பின் எழும்பவில்லை என்று கதை சொல்லுதல் அவ்வன்பையே கெடுத்துவிடும். பார்வையாளர் நேரத்தில் ஓரிருவர் சென்று, நல்ல வார்த்தை நான்கு சொல்லி, தாதியர் சொல்லுமுன் தாமே விடைபெறுதல் சாலச் சிறந்தது.

அம்மாணவியின் வீட்டார் வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டனர். சித்தப்பா ஒருவர் மட்டுமே வைத்தியருடன் பேசுவார். கனடாவிலுள்ள மூத்த மகன் வேளைக்கொரு தடவை அழைக்கலாகாது. இரவு எட்டு மணிக்குச் சித்தப்பாவே அவனுக்கும் ஏனைய உறவினர்க்கும் செய்தி சொல்லுவார். தோட்டத்துக்கு நீர் இறைத்தல் அயல்வீட்டார் பொறுப்பு. மாணவிக்குக் கிடைத்த வேலை கொப்பி எழுதுதல். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றில் இடப்பக்கத்தில் வைத்தியர் சொன்னதையும், வலப்பக்கத்தில் அடுத்த நாள் கேட்க வேண்டியதையும் எழுதினாள். மருந்துகளின் பெயர், அளவு, வேளை யாவும் அதில் இருந்தன. எந்த மருந்து தந்தைக்கு முன்னர் ஒவ்வாமல் தடிப்பு உண்டாக்கிற்று என்பதும் முதற் பக்கத்திற் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. அக்கொப்பியை எமக்குக் காட்டினாள். கலங்கிய மனம் காதாற் கேட்டதை அடுத்த கணமே இழந்துவிடும், எழுத்து இழக்காது.

விளங்காத சொல்லை வைத்தியரிடம் தமிழிற் கேட்டறிய எவரும் கூச வேண்டியதில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தவர். அம்மண்ணிற் பிறந்த நாம், "அஞ்சியோகிராம் என்றால் என்ன ஐயா?" என்று கேட்பதற்கா வெட்கப்படுவது? நாடிகளுட் சாயம் செலுத்தி அடைப்பு உள்ள இடத்தைப் படத்திற் காணும் பரிசோதனை அஃது என்று ஒரு வரியில் அவர் விளக்கிவிடுவார்.

நோயாளரிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பது அடுத்த வினா. காணி வழக்கு, கடன், அடகு வைத்த நகை ஆகியவற்றைக் கட்டிலருகே கொண்டுசெல்ல வேண்டியதில்லை. ஆனால் தம் நோய் யாதென அவர் கேட்டால், ஒன்றுமில்லை என்று பொய்யுரைத்தல் நன்றன்று. சுற்றியிருப்போர் முகங்களை அவர் படித்துவிடுவார். சொல்லாத செய்தியை உள்ளதினும் பெரிதாகக் கற்பனை செய்வார். வைத்தியர் சொன்னதை எளிய மொழியில், கூட்டாமற் குறையாமற் சொல்லுதலே அவர்க்குச் செய்யும் மரியாதை.

இத்தனைக்கும் நடுவில் ஒருவரை எல்லாரும் மறந்துவிடுகின்றனர். அவர் தாயார். அவ்வம்மையார் மூன்று நாள் வைத்தியசாலை வாங்கில் இருந்தார். கணவர் எழும்பும்வரை ஒருவேளை உணவு என்று நேர்ந்து விரதமும் பூண்டார். தாமே நீரிழிவு நோயாளரென்பதையும், தம் குளிகைகள் வீட்டு அலுமாரியில் இருப்பதையும் மறந்தார். மூன்றாம் நாள் தலைசுற்றி விழப்போனவரை மகள் தாங்கிக்கொண்டாள். இறைவனுக்கு நேர்ந்த விரதத்தைப் பின்னொருநாள் நிறைவேற்றலாம். தந்தைக்கு உணவு கட்டும்போது தாய்க்கும் ஒரு பொதி கட்டுங்கள். இரவில் முறைவைத்து அவரை வீட்டுக்கு அனுப்பி உறங்கச் செய்யுங்கள். உழைச்செல்வாருக்கும் ஓர் உழைச்செல்வார் வேண்டும்.

வீடு திரும்பிய பின்னரே நெடிய பணி தொடங்குகின்றது. முற்காலத்தில் மாரடைப்புற்றவரைப் பல வாரங்கள் அசையாது படுக்கவைத்தனர். லெவைன், லோன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், நோயாளரை விரைவிலேயே நாற்காலியில் இருத்துதல் நன்றென 1952 இல் எழுதினர். இன்று சில நாட்களிலேயே நடக்க விடுகின்றனர். நாமோ வீட்டிற்கு வந்தவரைக் கண்ணாடிப் பாத்திரம்போற் கட்டிலில் வைத்துவிடுகின்றோம். வரவு செலவைக் கேட்டால், "உங்களுக்கேன் இதெல்லாம்?" என்கின்றோம். மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். தாம் இனி வேண்டாதவர் என்னும் எண்ணத்தை நாமே அவருள் விதைக்கலாமா? வைத்தியர் விதித்த அளவில் நடக்கவும், சிறு வேலை செய்யவும், வீட்டு அலுவல்களில் முடிவு சொல்லவும் அவருக்கு இடங்கொடுங்கள். முன்னர்க் குறித்த ஐசனோவர் ஏழு வாரங்கள் வைத்தியசாலையில் இருந்து, அடுத்த ஆண்டே மீண்டும் ஜனாதிபதியாகத் தெரிவானார். 1969 வரை வாழ்ந்தார்.

மருந்துகளைச் சுகமாயிற்று என்று தாமாக நிறுத்துதல் கூடவே கூடாது. ஸ்டென்ற் வைத்தவர் குருதி கட்டியாகாமற் காக்கும் குளிகைகளை நிறுத்தினால் அக்குழாயே அடைபடலாம். புகைத்தலுக்கு அன்றே முடிவு கட்டுதல் வேண்டும். உப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாதல் நன்றென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன்படி சமைத்த உணவைத் தந்தைக்கு மட்டும் புறம்பாக வைத்துவிட்டு, ஏனையோர் கருவாடும் ஊறுகாயும் பொரித்த மிளகாயுமாக உண்ணுதல் கொடுமையன்றோ? வீடு முழுவதற்கும் ஒரே சட்டியாகட்டும். அதனால் பிள்ளைகளுக்கும் நன்மையே. தந்தை 55 வயதுக்குள் இந்நோய் கண்டவராயின் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மிகும். ஆதலின் வயது வந்த பிள்ளைகள் குருதியமுக்கத்தையும் கொழுப்பையும் சீனியையும் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

அத்தந்தையார் இப்போது காலையில் ஒழுங்கை முனைவரை நடந்து வருகின்றார். மாதந்தோறும் கிளினிக்கிற்கு மகளுடன் போகின்றார். அவ்விரவுக்காக அவர் அவளை இதுவரை ஏசவில்லையாம்.

இதைப் படிக்கும் மாணவர்கள் இன்றே ஒன்று செய்யலாம். தாய் தந்தையர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும், அவர்களுக்கு ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடியில் 1990 என்று பெரிதாக எழுதுங்கள். அதனைக் கிளினிக் கொப்பியுடன் சேர்த்து, வீட்டார் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான். அத்தாளுக்கு ஒருநாளும் தேவை நேராதிருக்க இறைவன் அருள்புரிக.