டூரிஸ்ட் விசாவும் நம் டிப்ளமோவும்



இறுதியாண்டு வந்துவிட்டால் ஹாஸ்டலில் அரியர் பேச்சுக்கு அடுத்தபடி அடிபடுவது ஃபாரின் பேச்சுதான். "மச்சான், முதல்ல டூரிஸ்ட் விசால போயிரு, அங்க போய் மாத்திக்கலாம்" என்று எவனோ ஒரு ஏஜெண்ட் சொன்னதை நாலு பேர் நம்பி, வீட்டில் நகையை அடகு வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

டூரிஸ்ட் விசா என்பது விருந்தாளிக்குத் தருகிற அனுமதி. வா, பார், செலவு பண்ணு, தேதி முடிந்ததும் கிளம்பு. நம் கொழுக்குமலைக்கு சூரிய உதயம் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்களே! மலை நம் தேனி மாவட்டம், ஜீப் ரோடு மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழி. 2014 நவம்பரில் இந்தியா ஆன்லைன் விசா முறையைத் தொடங்கியபோது அனுமதித்த ஒன்பது விமான நிலையங்களில் கொச்சியும் ஒன்று. அங்கே இறங்கி மூணாறு வந்து மலையேறுகிறவர், தேயிலை கிள்ளுவதைப் போட்டோ எடுக்கலாம். கூலிக்குக் கிள்ள முடியாது. அவர் எங்கே தங்கினாலும் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். இங்கே அவருக்கு என்ன சட்டமோ, துபாயிலும் பாங்காக்கிலும் ஏறக்குறைய அதுதான் நமக்கு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. பத்தாவது பாஸ் செய்யாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகை. அவர் வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் அங்கே ஒரு தரம் பார்க்கப்படும். நாமோ பத்தாவது தாண்டியவர்கள். அந்த அனுமதி நமக்குத் தேவையில்லை. படித்தவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்று அரசாங்கம் நினைக்கிறது. பார்த்துக்கிறோமா? ஏஜெண்டுகளுக்கு நம்மைப் பிடிப்பதே இதனால்தான் என்பேன்.

2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் சார்ந்த வேலை என்று இளைஞர்களை அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி அடைத்து வைக்கிறார்கள் என்று. மியாவடி என்ற ஊர் அது. ஒரு ஆறுதான் எல்லை. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். நம்மைப் போலப் படித்த பையன்கள்தான் குறி!

துபாய் பக்கம் இத்தனை பயங்கரம் இல்லை. விசிட் விசாவில் போய் வேலை விசாவுக்கு மாறியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாறும்வரை நீ அங்கே யார்? சம்பளம் தரவில்லை என்று போலீசுக்குப் போனால் முதலில் மாட்டுவது நீதான். அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் அமீரகம் சட்டத்தை இறுக்கியது. அபராதத்துக்குப் பயந்த முதலாளி "இவனை எனக்குத் தெரியவே தெரியாது" என்றுதானே சொல்வான்?

பணத்தைக் கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதுவும் ரசீதோடு. என் சித்தப்பா மகனிடம் ஒருவர் ஒன்றே கால் லட்சம் கேட்டார். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லாட்டி விடுங்க தம்பி, ஆள் வரிசையில நிக்குது" என்றாராம்.

விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்காமாரைப் பாருங்கள். விசா கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் எந்த எஸ்டேட், என்ன கூலி, சாயங்காலம் யார் கொண்டுவந்து விடுவது என்று கேட்காமல் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். டிப்ளமோ முடித்த நாம் மூன்றையும் கேட்காமல் ஃபிளைட் ஏறுகிறோம்.

யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். கலை விழா பேனர் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, கேண்டீன் பக்கம் ஒரு போர்டு வையுங்கள். இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டின் பதிவைச் சரிபார்ப்பது எப்படி, புகாரை எங்கே கொடுப்பது என்று தமிழில் எழுதித் தர நான் தயார். போர்டு அடித்துத் தருவதாக சிவில் பிரிவு நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்; பெயிண்ட் மட்டும்தான் பாக்கி.